வால்வை மூடிய கை

அத்தியாயம் 11

அம்மாவுக்கு எந்தக் கையை வைப்பது?

இரண்டு நாளாகக் கிறிஸ்டினாவின் மனசுக்குள் ஓடிக்கொண்டிருப்பது இந்த ஒரு கேள்விதான். வெளியே சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். அம்மாவுக்குக் கை இல்லையா என்ன? இதோ, அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு, அந்தக் கையாலேயே தோசையைத் திருப்பிப் போடுகிறாளே.

வலது கை. கட்டைவிரலின் அடியில் ஆரம்பித்து, புறங்கை முழுக்கப் பரவி, மணிக்கட்டைத் தாண்டி நிற்கிற தீக்காயம். பழைய தோல் உரிந்த இடத்தில் புதுத்தோல் இளஞ்சிவப்பாக, மினுமினுவென்று ஏறிக்கொண்டிருந்தது. மற்ற இடமெல்லாம் அம்மாவின் நல்ல கறுப்பு.

அந்தக் காயம் வந்த கதை கவரைப்பேட்டையில் தெரியாதவர்கள் இல்லை. அம்மா சாராள் வேலை செய்கிற வார்ப்புத் தொழிற்சாலையில், மணல் அச்சு சுடுகிற கூடத்தில், போன மாதம் கேஸ் குழாயின் இணைப்பு விட்டுப் போய்த் தீப்பிடித்துக்கொண்டது. எல்லாரும் கதவைப் பார்த்து ஓடினார்கள். சாராள் தீயைப் பார்த்து ஓடினாள். வெறுங்கையால் வால்வைத் திருகி மூடினாள்.

ஏன் வெறுங்கை என்று யாரும் கேட்கவில்லை. கையுறை பர்மனென்ட் ஆட்களுக்கு மட்டும்தான். சாராளுக்குப் பதினாலு வருஷமாகக் கான்ட்ராக்ட்.

இப்போது காற்று திரும்பியிருந்தது. மார்ச் நாலாம் தேதி, பாதுகாப்பு தினம். வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். கேட்டுக்கு மேலே இருபதடி பேனரில் சாராளின் படம். மேடையில் அவளுக்குப் பர்மனென்ட் ஆர்டர். எல்லாம் சேஃப்டி ஆபீசர் வரதனின் ஏற்பாடு. பேனர் வேலை கமால் பாயின் பிளக்ஸ் கடைக்கு வந்தது. கமால் பாய் கடையில் படம் செய்கிறவள் கிறிஸ்டினா.

“இன்னாடி, என் கையவே பாத்துக்கினு கீற?”

“ஒண்ணும் இல்லமா.”

“இன்னிக்கு முடிச்சிடுவ இல்ல? சாயங்காலம் கடைக்கு வந்து பாக்கறேன்னு சொல்லிகிறாரு சார்.”

“முடிச்சிடுவேன்.”

சாராள் அடுப்பைத் தணித்தாள். பிறகு குரலையும். “கொஞ்சம் கலரா போடு, கிறிஸ்டி. ரொம்ப வாணாம். கொஞ்சம். சர்ச்சு ஜனம் அந்த வழியாதான் போவும்.”

அம்மா தனக்கென்று எதையும் கேட்டு அவள் பார்த்ததில்லை. முதல்முதலாகக் கேட்டது இதை.

வாசலில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்த அப்பா ஆசீர்வாதத்தின் காது பாம்புக் காது. “கலராவா? எங்க கல்யாணத்துல போட்டோக்காரன் மூணு தடவ ஃப்ளாஷ் அடிச்சான். படத்துல பல்லு மட்டும்தான் வந்துச்சி. ‘பொண்ணு எழுந்து போயிடுச்சா சார்’னு என்னியக் கேட்டான்!”

“ஆமா, நீ பாலாடை. தார் டின்னுக்கு பேச்சப் பாரு!”

“இப்பதான் கை மட்டும் கலராயிருக்குது. மீதிய எப்ப சுட்டுக்கப் போற?”

“நைனா!” என்றாள் கிறிஸ்டினா.

“இன்னாமா, ஒரு தமாசு சொல்லக் கூடாதா? உங்கம்மாவே சிரிக்கறா பாரு.”

சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். இருபத்தைந்து வருஷமாக இதே தமாஷுக்குச் சிரிக்கிறாள். சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வாள். படத்தில் பல்லு மட்டும்தான் வந்தது என்று சொன்ன நாளிலிருந்து வந்த பழக்கமாக இருக்குமோ? இத்தனை வருஷம் இதை யோசிக்காமல் இருந்துவிட்டோமே என்று கிறிஸ்டினாவுக்குத் தோன்றியது. இன்று வாயை மூடியிருந்தது அந்த வெந்த கை.

*

கும்மிடிப்பூண்டி பஜாரில் கமால் பாய் கடைக் கம்ப்யூட்டரில் ‘பாடி’ என்று ஒரு பெட்டி உண்டு. திறந்தால் தலையில்லாத உடம்புகள். கோட் போட்டவர், வேட்டி கட்டியவர், கும்பிட்டபடி நிற்பவர், பட்டுப்பாவாடை கட்டிய பெண், நாற்காலியில் கால்மேல் கால் போட்டவர். காதுகுத்தோ, மஞ்சள் நீராட்டோ, கண்ணீர் அஞ்சலியோ, ஜனங்கள் கொண்டுவருவது ஒரு பாஸ்போர்ட் சைஸ் முகத்தை. அதற்கு ஏற்ற உடம்பை எடுத்து ஒட்ட வேண்டியது.

உடம்புகள் நெட்டிலிருந்து வருபவை. அதனால் கைகள் எல்லாம் வெளுப்பு.

“கைக் கலர எறக்கினா அழுக்கு மாதிரி தெரியும். மூஞ்சிய ஏத்து, யாரும் சண்டைக்கு வரமாட்டான்” என்பது கமால் பாய் அவளுக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம். பழவேற்காட்டிலிருந்து வந்து கடை போட்டவர். தொழில் தெரிந்தவர். அவர் சொன்னது பொய்யில்லை. யாரும் சண்டைக்கு வந்ததில்லை.

போன வாரம், செத்துப்போன முனுசாமி பெரியவரின் முகத்தை ஏற்றியதில்தான் லேசாகச் சறுக்கியது. ஊத்துக்கோட்டையிலிருந்து வந்த சம்பந்தி வீட்டார், தெருமுனையில் அஞ்சலி பேனரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ‘யாரோ சேட்டு செத்துட்டாரு போல’ என்று மாலையும் கையுமாக அடுத்த தெருவில் சாவு வீட்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

கமால் பாய் அதைச் சொல்லிச் சொல்லி இன்றும் சிரித்தார். கிறிஸ்டினாவும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திரையில் அம்மாவின் பேனர். வரதன் சார் கேட்டபடியே செய்து வைத்திருந்தாள். “சேஃப்டின்னு நெட்ல போட்டுப் பாரும்மா, எப்படி வருதோ அப்படி வேணும்” என்று சொல்லியிருந்தார்.

போட்டுப் பார்த்தாள். பெண், தொழிலாளி, பாதுகாப்பு. ஆங்கிலத்தில் அடித்ததும் வரிசை வரிசையாக வெள்ளைக்காரிகள். மஞ்சள் ஹெல்மெட், கண்ணாடி, கோட்டு. இடது கையில் கையுறைகளைப் பிடித்துக்கொண்டு, வலது கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்கள். ஒருத்தியின் முகத்திலும் வியர்வை இல்லை.

இந்தியா என்று ஒரு சொல்லைச் சேர்த்தாள். ஹெல்மெட்டுகள் போய்விட்டன. தலையில் செங்கல் வந்தது. இடுப்பில் குழந்தை வந்தது. வெறுங்கால் வந்தது. ஏழை என்று அவள் அடிக்கவே இல்லை.

சரி, கை மட்டும் போதும் என்று நினைத்தாள். கை என்று மட்டும் அடித்தாள். பக்கம் பக்கமாகக் கைகள். குலுக்கும் கை, பூ ஏந்திய கை, குழந்தையின் விரலைப் பற்றிய கை. அத்தனையும் ஒரே நிறம். கறுப்பு என்று சேர்த்து அடித்தாள். அலுமினியத் தட்டை நீட்டிய கை வந்தது. விலங்கு மாட்டிய கை வந்தது.

கிறிஸ்டினா நாற்காலியில் சாய்ந்தாள். வெறுமனே கை என்றால் அது அவர்களுடைய கை. எங்கள் கைக்கு மட்டும் முன்னால் ஒரு சொல் வேண்டும். அந்தச் சொல்லைச் சேர்த்ததும் கையில் தட்டைக் கொடுத்துவிடுகிறார்கள்.

“பாய், இதெல்லாம் யாரு அடுக்கி வெக்கறது?”

“யாரும் உக்காந்து அடுக்கல கிறிஸ்டி. எவன் நெறைய போடறானோ, எத நெறைய பேரு தட்டறானோ, அது முன்னால வரும். மெஷினுக்கு இன்னா தெரியும்?”

தட்டியவர்களில் தானும் உண்டு என்று அவள் சொல்லவில்லை. கடைக்கு வந்த நாளிலிருந்து முதல் வரிசையைத் தாண்டி அவள் போனதே இல்லை.

*

மூன்றரைக்கு ஷிப்ட் முடிந்து சாராள் நேராகக் கடைக்கு வந்துவிட்டாள். முகம் கழுவிப் பவுடர் போட்டிருந்தாள். காது மடலில் மட்டும் மணல் தூசி மிச்சம். வலது கை முந்தானைக்குள் இருந்தது.

“வாங்கக்கா, இன்னிக்கு நீங்கதான் ஹீரோயினு” என்று கமால் பாய் நாற்காலி இழுத்துப் போட்டார். “டீ சொல்லட்டா?”

“வாணாம் பாய். மொதல்ல காட்டுங்க.”

கிறிஸ்டினா திரையைத் திருப்பினாள்.

சாராள் வாயைப் பொத்திக்கொண்டாள். “நானாடி இது?”

அவளேதான். மஞ்சள் ஹெல்மெட்டுக்குக் கீழே அவளுடைய கண், அவளுடைய மூக்கு. நிறம் மட்டும் நாலு படி ஏறி, கோதுமை மாவைப் பிசைந்தது போல. அம்மா இவ்வளவு சந்தோஷமாகத் தன் முகத்தைத் தானே பார்த்து கிறிஸ்டினா கண்டதில்லை. கண்ணாடியில் பார்க்கும்போது பொட்டிடாத நெற்றியைச் சீப்பால் ஒதுக்கிவிட்டு உடனே திரும்பிவிடுவாள். இப்போது திரும்பாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இதைக் கலைக்க நான் யார் என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

“கோட்டு நல்லாகீது” என்றாள் சாராள். “ஷூ கூட போட்டுகிறேன். இதெல்லாம் எப்ப குடுத்தாங்க எனக்கு?” சிரித்தாள். பார்வை மெதுவாகக் கீழே இறங்கித் தூக்கிய கட்டைவிரலில் நின்றது.

“அது யாரு கை?”

“நெட்டுல எடுத்ததுமா.”

“எந்த ஊருக்காரி?”

“தெரியாது.”

சாராள் குனிந்து, இன்னும் கிட்டே போய்ப் பார்த்தாள். நகப்பூச்சு கூடத் தெரிந்தது.

“வால்வ மூடனது நானு. கை மட்டும் அவளுதா?”

கிறிஸ்டினா பதில் சொல்வதற்குள் கரண்ட் போனது. திரை அணைந்தது. அச்சடிக்கும் மிஷின் பெருமூச்சு விட்டு நின்றது.

“பக்கத்துல அத்திப்பட்டு பவர் ஹவுஸ்ல கரண்ட் எடுக்கறான். நம்மளுக்கு மட்டும் இல்லியாம்!” கமால் பாய் கைவிசிறியைத் தேடிக்கொண்டு பின்பக்கம் போனார்.

அம்மாவும் மகளும் கடை வாசலில் உட்கார்ந்தார்கள். கண்டெய்னர் லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. புழலுக்குப் போகும் பஸ்ஸில் ஆட்கள் தொங்கினார்கள்.

“எங்க சாப்புல கன்னியம்மா கீறா இல்ல” என்றாள் சாராள், யாரிடமோ சொல்வது போல. “அன்னிக்கு நெருப்புக்கு அந்தாண்ட மாட்டிக்கினா. வெளிய வந்ததும் இந்தக் கையப் புடிச்சி முத்தம் குடுத்தா. தோலு தொங்கிக்கினு இருந்துச்சி. அருவருப்பே படல.”

கிறிஸ்டினா அம்மாவின் காது மடலில் இருந்த மணலைத் துடைத்துவிட்டாள்.

“நெட்டுல தேடினேன்றியே, என்ன மாதிரி ஒருத்திகூடவா கெடைக்கல?”

“கெடைக்குதுமா. தலைல செங்கல் வெச்சிக்கினு.”

“செங்கல்லு தூக்கறதும் வேலதான். அதையே காட்டினு இருந்தா எப்படி? மிஷின் ஓட்டறவ இல்லியா? நான் இல்லியா அதுல?”

“யாராவது போட்டாதாம்மா இருக்கும்.”

“அப்ப போடு.”

கடையில் கூட்டிப் பெருக்கச் சொல்கிற மாதிரி, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். கிறிஸ்டினா திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

“இன்னா பாக்கற? அவங்க போட்டாங்க, அவங்க இருக்காங்க. நீ போடு.”

கரண்ட் வந்தது.

*

கடையின் மூலையில் பாஸ்போர்ட் படம் எடுக்கிற நீலத்துணி தொங்கியது. சாராள் அதன் முன்னால் நின்றாள். வேலைக்குக் கட்டுகிற நூல்சேலை, தலையில் துண்டு. கை முந்தானைக்குள்.

“கைய வெளிய எடுமா.”

“எதுக்குடி, அசிங்கமா?”

“கன்னியம்மா முத்தம் குடுத்தது எத?”

சாராள் முறைத்தாள். “வாயப் பாரு! உங்க நைனா வாயி” என்று திட்டிக்கொண்டே கையை எடுத்து நெஞ்சுக்கு முன்னால் வைத்தாள். திட்டி முடித்த முகத்தில் மிச்சமிருந்த கோபமும் சிரிப்பும் அப்படியே படத்தில் விழுந்தன. கிறிஸ்டினா நிறத்தைத் தொடவில்லை. ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை.

படங்களைப் போட்டு வைக்கிற இலவசப் பக்கம் ஒன்று அவளுக்கு நெட்டில் இருந்தது. அதில் அம்மாவை ஏற்றினாள். கீழே ஆங்கிலத்தில் சொற்களை அடித்தாள்: பெண், தொழிலாளி, பாதுகாப்பு, கை. முன்னால் ஒட்டுச்சொல் எதையும் சேர்க்கவில்லை. கை என்றால் கை.

“தேடினா வருமா இது?” என்றார் கமால் பாய்.

“எப்ப வரும்னு தெரியல பாய்.”

“பேனரயும் மாத்திட்டியே! பெரிய பார்ட்டி கிறிஸ்டி. அந்தக் கம்பெனி காலண்டர் வேலையும் நம்மளுதுதான்.”

“சார் வந்து பாக்கட்டும் பாய்.”

ஐந்தரைக்கு வரதன் வந்தார். தோல் பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே திரையைப் பார்த்தார். இருபதடி பேனருக்குள் நின்றாள் சாராள். நூல்சேலை, தலைத்துண்டு, வெந்த கை.

“என்னம்மா இது?”

“அம்மா சார்.”

“அது தெரியுது. நான் சொன்னது எங்க?”

கிறிஸ்டினா அந்தப் படத்தையும் திறந்து காட்டினாள். வரதனின் முகம் தெளிந்தது. “இதான்! இதுக்கு என்ன குறைச்சல்?”

“கை சார்.”

வரதன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கெட்ட மனிதரில்லை. தீ பிடித்த அன்று சாராளைத் தன் பைக்கில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்தான். “இங்க பாரும்மா. நானும் கறுப்புதான். என் கல்யாண ஆல்பத்துல என்னையே எனக்கு அடையாளம் தெரியாது. அதுக்கெல்லாம் கோவப்பட்டா முடியுமா? நெட்டத் தொறந்து பாரு, உலகத்துல சேஃப்டின்னா இப்படித்தான் இருக்கு.”

“பாத்தேன் சார். எங்கம்மாவுக்கு நீங்க குடுக்காதது எல்லாம் அந்தப் பொம்பளைகிட்ட இருக்குது.”

கமால் பாய் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார்.

வரதன் குரலைத் தாழ்த்தினார். “அதனாலதாம்மா சொல்றேன். பாதுகாப்பு தினத்துல, கேட்டு மேல, வெறுங்கையில தீக்காயம். வர்றவங்க முதல்ல என்ன கேப்பாங்க? க்ளவுஸ் எங்கன்னு கேப்பாங்க. பதில் சொல்லணும்ல?” தோள் பையை லேசாகத் தட்டினார். “ஆர்டர் இதுக்குள்ளதான் இருக்கு. இன்னும் எங்க முதலாளி பெரியவர் கையெழுத்து ஆகல. அவரு பேனரப் பாத்துட்டுதான் போடுவாரு. பதினாலு வருஷம். உங்கம்மாவுக்கு நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

கிறிஸ்டினா அந்தப் பையைப் பார்த்தாள். அம்மாவின் பதினாலு வருஷம் ஒரு பக்கம். ஒரு கை ஒரு பக்கம். வெறும் படம்தானே? வெயிலில் வெளுத்து, ஒரு மாசத்தில் யார் வீட்டுக் கூரைமேலோ போர்த்தப் போகிற பிளக்ஸ்தானே? யாருக்காக இந்த வீம்பு, எனக்காகவா, அம்மாவுக்காகவா? எனக்காகத்தான் என்றால், அதற்கு விலை கொடுக்கப்போவது அம்மா அல்லவா? கோதுமை நிற முகத்தைப் பார்த்துச் சிரித்தாளே, அந்தச் சிரிப்பையும் நானே பிடுங்கிக்கொள்வதா?

அவள் அம்மாவைப் பார்த்தாள். சாராள் நீலத்துணிக்குப் பக்கத்தில் ஒட்டி நின்றிருந்தாள். கை மறுபடியும் முந்தானைக்குள் போயிருந்தது.

“மேடைக்கும் கொஞ்சம் நீளக் கை ஜாக்கெட்டா போட்டுக்கினு வாங்க சாராள்மா” என்றார் வரதன், அவள் பக்கம் திரும்பி. “ஆர்டர இடது கையிலயே வாங்கிக்குங்க. தப்பில்ல.”

சாராள் நிதானமாக நடந்து வந்தாள். மேசையின் மேல், வரதனுக்கு நேர் எதிரே, வலது கையை எடுத்து வைத்தாள். விரல்களை விரித்து வைத்தாள். டியூப் லைட் வெளிச்சத்தில் அந்த இளஞ்சிவப்புத் தோல் ஈரம் போல மின்னியது. சுற்றிலும் கறுப்பு, ஆழமாக, ஒரே சீராக.

வரதன் அதைப் பார்த்தார். பிறகு பார்க்காமல் இருக்க முயன்றார்.

“பாய், நீங்களாவது சொல்லுங்க.”

கமால் பாய் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

வரதனின் பைக்குள் செல்போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். “பெரியவர்தான்” என்றார். போன் அவர் கையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. “பேனர் என்னாச்சுன்னு கேப்பாரு. நான் என்ன சொல்லட்டும்? அந்தக் கையையே வெச்சுடு, கிறிஸ்டினா. ரெண்டு நிமிஷ வேலை. வெச்சுடுறியா?”

கிறிஸ்டினா மவுஸிலிருந்து கையை எடுத்தாள். எடுத்த கையை மேசைமேல், அம்மாவின் கைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இல்ல சார்” என்றாள்.